ஜூமாகாதிர் பத்தில் இருக்கிறார்

தோருகெச்சு மாவட்ட ஆஸ்பத்திரியில் நோயை ஒழித்து மூன்று மாதம் ஆகியிருந்தது. செய்தி மலைக்கு ஏறவில்லை. ஜனங்கள் பழைய ஞாபகத்தில் நோயோடு வந்துகொண்டிருந்தார்கள்.

புர்மாகானும் அப்படித்தான் வந்தாள், செப்டம்பர் கடைசியில், மேய்ச்சல் மலையிலிருந்து மந்தைகள் இறங்கிய வாரம். கூடப் புருஷன் ஜூமாகாதிர். அறுபத்தொரு வயது; அதில் நாற்பத்தைந்தைக் குதிரைகளோடு கழித்த ஆள். இறங்குகிற வழியில் ஒரு பெட்டைக் குதிரை அவர் இடது காலை மிதித்துவிட்டது. மிதித்தது பெரிதில்லை. ரத்தத்தில் சர்க்கரை இருந்தது, அதுதான் பெரிது. அவர் பத்து நாள் பூட்ஸைக் கழற்றவில்லை. கழற்றினால் பெண்டாட்டி பார்ப்பாள், பார்த்தால் பேசுவாள். கடைசியில் நாற்றம் காட்டிக்கொடுத்தது. பெருவிரலும் பக்கத்து விரலும் அடுப்புக்கரி நிறத்துக்கு வந்திருந்தன.

வாசலில் அறுவை டாக்டர் அக்மாத் சிகரெட் குடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு வேறு வேலை இல்லை. வண்டியிலிருந்து இறக்கும்போதே காலைப் பார்த்தார், குனிந்து முகர்ந்தார், புர்மாகானைத் தனியே கூப்பிட்டார்.

“ரெண்டு விரலை இன்னைக்கே எடுத்துட்டா மனுஷன் பத்து நாள்ல குதிரை ஏறுவார். நாளைக்குன்னா பாதிப் பாதம். அதுக்கப்புறம் அது மேல ஏறும். நிறுத்த என்னால ஆகாது.”

“அப்ப எடுங்களேன்.”

“எடுக்கச் சீட்டு வேணும். சீட்டு உள்ளே குடுப்பாங்க” என்றார் அக்மாத். சிகரெட்டை அணைத்துவிட்டு இன்னொன்றைப் பற்றவைத்தார்.

உள்ளே சீட்டுக் கொடுக்கிறவர் தலைமை நர்ஸ் கிளாரா ஒஸ்மோனோவ்னா. பெரிய டாக்டர் ஓய்வு பெற்றுப் போன பிறகு அவர் நாற்காலிக்கு ஆள் வரவில்லை. கிளாரா ஒஸ்மோனோவ்னா தன் பையை அதில் வைத்தார், பிறகு தானும் உட்கார்ந்தார். கோடையில் ஏரிக்கரை ஓட்டல் ஒன்றில் ஐந்து நாள் பயிற்சி நடந்தது. போகும்போது நர்ஸாகப் போனவர், வரும்போது எல்லாம் தெரிந்தவராக வந்தார். அறுவை அறையின் சாவியைச் சிவப்பு நாடாவில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து அந்த அறை திறக்கவில்லை. திறக்காத நாட்களை எண்ணிச் சுவரில் எழுதிவைத்திருந்தார்கள்.

ஆஸ்பத்திரி என்ற பலகையும் போயிருந்தது. இப்போது அது முழுநல இல்லம். வந்து படுக்கிறவன் நோயாளி இல்லை, நலப் பயணி. வலி என்று சொல்லக் கூடாது, உணர்வு என்று சொல்ல வேண்டும். புண் என்றால் மாறுதல். வாய் தவறி நோய் என்று சொல்லிவிட்டவன் சுவரைப் பார்த்து நின்று ‘நலம்’ என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். இருமல்காரக் கிழவர் ஒருவர் பகலில் பாதியைச் சுவரோடு கழித்தார். இருமிக்கொண்டே சொன்னால் அது கணக்கில் சேராது, திரும்பச் சொல்ல வேண்டும்.

நடையின் சுவர் நீளத்துக்கு ஒரு கோடு வரைந்திருந்தது. கக்கூஸ் பக்கத்து முனையில் பூஜ்யம், அதற்குக் கீழே ‘சாவு’. தலைமை நர்ஸ் அறைப் பக்கத்து முனையில் பத்து, அதற்குக் கீழே ‘உச்ச நலம்’. ஒவ்வொரு பயணிக்கும் ஒரு காகிதக் குதிரை. காலையில் அவனையே கேட்டு, அவன் சொல்கிற இடத்தில் குதிரையைக் குத்திவைப்பார்கள். குதிரை நாலுக்குக் கீழே வந்தால்தான் சீட்டு. சீட்டு இருந்தால்தான் அறுவை அறை திறக்கும். மாகாண நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதென்றாலும் அதே சீட்டுதான்.

மறுநாள், இல்லத்தின் கணக்கில் முதல் நாள், காலை ஏழு மணிக்கு நர்ஸ் பேகிமாய் படிவம் செருகிய பலகையோடு வந்தாள். பக்கத்துக் கிராமத்துப் பெண், போன வசந்தத்தில்தான் கல்யாணமானவள். பெரியவர் முன்னால் நின்றதும் கை தானாக நெஞ்சுக்குப் போனது, தலை குனிந்தது.

“சலாம், பெரியப்பா. நல்லா இருக்கீங்களா?”

ஜூமாகாதிர் தலையணையிலிருந்து எழப் பார்த்தார். முடியவில்லை.

“நல்லாருக்கேன் மகளே, அல்லா புண்ணியம். நீ நல்லாருக்கியா? வீட்ல எல்லாரும் சுகமா? ஆடு குதிரையெல்லாம் சுகமா?”

பேகிமாய் பத்து என்று எழுதினாள்.

அந்த மலையில் அந்தக் கேள்விக்கு அந்தப் பதில்தான் உண்டு. ஓநாய் கவ்விய தோளோடு வந்தவனும் அதைத்தான் சொல்வான். அப்பனைப் புதைத்துவிட்டு வருகிறவனும் முதலில் அதைச் சொல்வான். பிறகு உட்கார்ந்து, தேநீர் ஊற்றி, குதிரைகளைப் பற்றிப் பேசி, மூன்றாவது கிண்ணத்தில்தான் வந்த விஷயம் வெளியே வரும். படிவத்தில் மூன்றாவது கிண்ணத்துக்கு இடமில்லை. கேட்ட மாத்திரத்தில் தன் வயிற்றுக் கதையை அவிழ்த்துவிடுகிற ஏதோ தூரத்து ஜனங்களுக்குத் தைத்த சட்டை அது. இங்கே கொண்டுவந்து எல்லாருக்கும் மாட்டிவிட்டார்கள். கை நுழையாதவன் கையை வெட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

புர்மாகான் தலைமை நர்ஸிடம் போனாள். போர்வையைத் தூக்கிக் காலைப் பாருங்கள், அது போதும் என்றாள். கிளாரா ஒஸ்மோனோவ்னா அவளை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, மூளை மந்தமான பிள்ளைக்குச் சொல்வதுபோல் மெல்லச் சொன்னார்.

“நோய்னு ஒண்ணு இருக்கு, அது டாக்டர் புத்தகத்துல இருக்கு. நோய்ப்பட்டிருக்கிறதுன்னு இன்னொண்ணு இருக்கு, அது மனுஷன் மனசுல இருக்கு. ரெண்டும் வேற வேற. உங்க வீட்டுக்காரர் மனசுல அது இல்ல. அவரே சொல்லிட்டார். அப்ப அவர் கால்ல இருக்கிறது யாரோடது? புத்தகத்தோடது. புத்தகத்துக்காக மனுஷனை வெட்டச் சொல்றீங்களா?”

“விரல் கறுத்திருக்கு, அம்மா.”

“நலத்துக்கு ஆறு பங்கு. உடம்பு, மனசு, புத்தி, உறவு, வேலை, ஆத்மா. ஆறுல ஒண்ணுதான் உடம்பு. அந்த ஒண்ணுல கால் எவ்வளவு? கால்ல ரெண்டு விரல் எவ்வளவு? அஞ்சே முக்கால் பங்கு மலர்ந்து நிக்கிற ஒரு மனுஷனை நோயாளின்னு கூப்பிட உங்களுக்கு எப்படி மனசு வருது? நீங்க அவர் சம்சாரம்.”

புர்மாகானுக்கு வெட்கமாகிவிட்டது. எதற்கு வெட்கம் என்று அவளுக்கே தெரியவில்லை. வெளியே வந்து வெகுநேரம் படியில் உட்கார்ந்திருந்தாள். அக்மாத் பக்கத்தில் வந்து நின்று, இனிமேல் பாதிப் பாதம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டாம் நாள் பேகிமாய் ஒரு தைரியம் செய்தாள். வழக்கமான கேள்வியைக் கேட்டு, வழக்கமான பதிலை வாங்கி, குரலைத் தாழ்த்தி, கால் வலிக்கிறதா பெரியப்பா என்று கேட்டுவிட்டாள். தாழ்த்திய குரலும் கிளாரா ஒஸ்மோனோவ்னாவுக்குக் கேட்டது. இல்லாத இடத்தில் நோயை விதைக்கிறாள் என்று பலகையிலிருந்து அந்தத் தாளைக் கிழித்தார். பேகிமாய் இருமல்காரக் கிழவரின் பக்கத்தில் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். மூன்று தடவை சொன்னாள். கிழவர் அவளுக்கு இடம் விட்டு நகர்ந்துகொண்டார், பழகியவர்.

மிச்சம் இருந்தது ஜூமாகாதிரின் வாய் ஒன்றுதான். புர்மாகான் அன்று பகல் முழுக்க அதோடு மல்லுக்கு நின்றாள். ஒரே ஒரு தடவை, நாளைக் காலையில், நல்லா இல்லை என்று சொல்லிவிடச் சொன்னாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

“என் மக வயசுப் பொண்ணு. சலாம் சொல்லித் தலை குனிஞ்சு நிக்குது. அது மூஞ்சியில என் கால் நாறுதுன்னு சொல்லவா? ஏழு தலைமுறையில எவன் சொல்லியிருக்கான்?”

“ஏழு தலைமுறையில எவனுக்கும் கால் இப்படிக் கறுக்கல.”

“மெல்லப் பேசு. நாலு பேர் படுத்திருக்காங்க.”

“சொன்னா விரலோட போகும். சொல்லாட்டி உன்னோட போகும். எது வேணும்னு நீயே சொல்லு.”

சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள். கட்டில்காரர்கள் எல்லாரும் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார்கள். இளவயதில் ஆட்டுக்கிடா இழுக்கும் பந்தயத்தில் மூன்று விலா ஒடிந்தும் குதிரையை விட்டு இறங்காத ஜூமாகாதிரை அவர்கள் எல்லாருக்கும் தெரியும். அதுதான் கஷ்டம். அந்த மூன்று விலாவையும் அவர் இன்றுவரை காப்பாற்ற வேண்டியிருந்தது.

ஆனாலும் பெண்டாட்டி அழுதது அவரை என்னவோ செய்துவிட்டது. மூன்றாம் நாள் காலையில் பேகிமாய் வந்து கேட்டதும் அவர் வழக்கமான பதிலை விழுங்கிக்கொண்டார். வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

“கொஞ்சம்...” என்றார்.

பேகிமாயின் கண் விரிந்தது. பேனா பூஜ்யத்தின் பக்கம் ஓடத் தயாராக நின்றது.

“கொஞ்சம் நேரம் கழிச்சு வா மகளே, தேநீர் குடிக்கலாம். நல்லாத்தான் இருக்கேன்.”

கொஞ்சம் என்ற சொல்லைக் கணக்கில் எடுக்காமல் இருக்க முடியாது என்று பேகிமாய் ஒன்பதரை போட்டாள். அவளால் முடிந்தது அந்த அரை. மத்தியானம் கிளாரா ஒஸ்மோனோவ்னா அதைப் பார்த்துவிட்டு, தன் நலத்தைக் குறைத்துச் சொல்கிற அடக்கம் ஆத்மப் பங்கில் சேரும் என்று சொல்லி, அரையைத் திருப்பிக் கொடுத்து, குதிரையைப் பத்துக்கே தள்ளினார். அன்று கறுப்பு கணுக்காலைத் தொட்டிருந்தது.

புர்மாகான் அக்மாத்தைப் பிடித்தாள். சீட்டு கிடக்கட்டும், நீ டாக்டர்தானே, கத்தி உன்னுடையதுதானே என்றாள். அக்மாத் நாலு பக்கமும் பார்த்தார். போன மாதம் ஆறில் நின்ற ஒருத்தனுக்குச் சமையலறை மேஜையில் வைத்துக் குடல்வால் அறுத்துவிட்டாராம். அவன் பிழைத்துவிட்டான். பிழைத்தது கணக்கில் வரவில்லை. ஆறில் இருந்தவனை நோயாளி ஆக்கினார் என்று எழுதி மேலே அனுப்பிவிட்டார்கள். குடியிருக்கிற வீடு ஆஸ்பத்திரி வீடு, இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்றார்.

“பூட்டை நான் உடைக்க முடியாது, அக்கா. ஆனா உண்மையைச் சொல்லிடறேன். இப்ப முழங்காலுக்குக் கீழ.”

அவர் தினமும் உண்மையைச் சொன்னார். அதில் குறை சொல்ல முடியாது.

நாலாம் நாள் காய்ச்சல் வந்தது. ஜூமாகாதிரின் கன்னம் சிவந்து, கண் பளபளத்தது, வாய் ஓயாமல் பேசியது. செத்துப்போன குதிரைகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார், சிரித்தார். மனப் பங்கும் உறவுப் பங்கும் இவ்வளவு உயர்ந்து தான் பார்த்ததில்லை என்று கிளாரா ஒஸ்மோனோவ்னா குறித்துக்கொண்டார். தலைநகரத்திலிருந்து பார்வைக் குழு வருவதாக அன்றுதான் தந்தி மாதிரி ஒரு தகவல் வந்தது. இருப்பதில் முகம் நன்றாக இருக்கிற பயணி ஜூமாகாதிர்தான் என்று முடிவாயிற்று.

ஐந்தாம் நாள் விடிந்ததும் அவரைச் சன்னல் பக்கத்துக் கட்டிலுக்கு மாற்றினார்கள். வெள்ளைத் தொப்பி வைத்தார்கள். கால்மேல் பூவேலை செய்த கம்பளம் போர்த்தினார்கள். நாற்றத்துக்கு ஒரு வழி வேண்டுமே; வார்டில் நாலு மூலையிலும் ஜூனிபர் சுள்ளி கொளுத்திப் புகை போட்டார்கள். இருமல்காரக் கிழவரைப் புகை தாங்காது என்று கொட்டகைக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் குதிரை மட்டும் எட்டில் நின்றது.

குழுவில் மூன்று பேர். தலைவர் பருமனான மனிதர், சளி பிடித்திருந்தது, அதனால் மூக்கு ஒரு சாட்சியாக இல்லை. சுவர்க் கோட்டைப் பார்த்தார், காகிதக் குதிரைகளைப் பார்த்தார், திறக்காத அறையின் நாட்களைப் பார்த்துத் தலையாட்டினார். கடைசியாக ஜூமாகாதிரின் கட்டிலுக்கு வந்து குனிந்து, நல்லா இருக்கீங்களா பெரியவரே என்றார்.

ஜூமாகாதிர் நல்லாயிருந்தார். குழுவினர் நல்லாயிருக்கிறார்களா, அவர்கள் பிள்ளைகள் நல்லாயிருக்கிறார்களா, தலைநகரத்தில் மழை உண்டா என்று விசாரித்தார். பிறகு காய்ச்சல் வேகத்தில் இரண்டு கையையும் விரித்து நீளமாக ஆசீர்வாதம் பண்ணினார். உங்கள் வாசலில் குதிரை குறையாதிருக்கட்டும், உங்கள் அடுப்பு அணையாதிருக்கட்டும் என்றார். எல்லாரும் கையை முகத்தில் தடவிக்கொண்டார்கள். தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. சளியாலும் இருக்கலாம். சட்டம் போட்ட நற்சான்றைக் கொடுத்தார், வெல்வெட் அங்கி ஒன்றைத் தோளில் போர்த்தினார். மாவட்டத்தின் நலத் தூதர் என்று பட்டம்.

அப்போதுதான் புர்மாகான் இரண்டு பேரை விலக்கிக்கொண்டு வந்தாள். கம்பளத்தின் நுனியைப் பிடித்து உருவினாள்.

கால் இருந்தது. விரல்கள் சுருங்கிப்போய், பாதம் வெடித்து, கறுப்பு முழங்கால்வரை வந்து, அதற்கு மேலே ஊதாக் கோடுகள் தொடைக்கு ஏறிக்கொண்டிருந்தன. குழுவில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். ஜூமாகாதிர் அங்கியை இழுத்துக் காலை மூடப் பார்த்தார். விருந்தாளிகள் முன்னால் இப்படி ஆகிவிட்டதே என்று முனகினார். அந்த ஐந்து நாளில் அவர் முனகியது அதற்கு மட்டும்தான்.

தலைவர் வெகுநேரம் பார்த்தார். முகம் வெளுத்தது. இனிமேல் யாராவது ஒருவர் கத்தப்போகிறார், சாவி கழுத்திலிருந்து இறங்கப்போகிறது என்று புர்மாகான் நினைத்தாள். தலைவர் மெல்லத் திரும்பி, எல்லாருக்கும் கேட்கிற குரலில் பேசினார்.

“நான் இருபத்திரண்டு மாவட்டம் பாத்துட்டேன். முள்ளுக் குத்தினதுக்கு ஊரைக் கூட்டுற ஜனங்களைப் பாத்தேன். இப்படி ஒரு காலை வச்சுக்கிட்டு இப்படி ஒரு முகத்தை நான் பாத்ததில்ல. காலைக் குணப்படுத்துறது யாரு வேணும்னாலும் செய்வாங்க, எல்லா ஆஸ்பத்திரியும் அதைத்தான் செய்யுது. கால் அழுகிக்கிட்டிருக்கும்போதே மனுஷனைக் குணப்படுத்தினது தோருகெச்சு ஒண்ணுதான். இந்தக் காலை எடுத்திருந்தா இது நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.”

கை தட்டினார்கள். அக்மாத்தும் தட்டினார், மெதுவாக. பேகிமாய் தட்டவில்லை, அவள் கையில் பலகை இருந்தது.

காலை அந்த அம்மாள் இப்படி எல்லார் முன்னாலும் திறந்தது பயணியின் உறவுப் பங்கைப் பாதிக்கும் என்று கிளாரா ஒஸ்மோனோவ்னா பிறகு புர்மாகானைத் தனியே கூப்பிட்டுக் கண்டித்தார்.

ஆறாம் நாள் காலையில் பேகிமாய் வந்து கேட்டாள். பதில் இல்லை. திரும்பக் கேட்டாள். ஜூமாகாதிரின் கண் பாதி மூடியிருந்தது, மூச்சு மட்டும் உலைத்துருத்திபோல் போய்வந்தது. அவள் ஓடிப்போய்த் தலைமை நர்ஸைக் கூட்டிவந்தாள். படிவத்தின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் அதற்கும் விதி இருந்தது. பயணி பதில் சொல்ல விரும்பாவிட்டால் கடைசியாகச் சொன்ன பதில் நிற்கும். குதிரை பத்தில் நின்றது.

புர்மாகான் அதற்குப் பிறகு யாரிடமும் கெஞ்சவில்லை. தலைச் சால்வையை இறுக்கிக் கட்டிக்கொண்டு நேரே கால்நடைச் சந்தைக்கு நடந்தாள். அங்கே கால்நடை டாக்டர் உசோன் ஒரு காளையின் வாய்க்குள் கையை விட்டுக்கொண்டிருந்தான். ஜூமாகாதிருக்குத் தூரத்துத் தம்பி முறை. அவள் சொல்லி முடிப்பதற்குள் கையைக் கழுவிவிட்டு லாரியில் ஏறினான்.

வார்டு வாசலிலேயே நின்றுவிட்டான். உள்ளே வரவேண்டியிருக்கவில்லை, நாற்றமே சொல்லிவிட்டது. பிறகு வந்து, போர்வையை நீக்கி, இரண்டு விரலால் தொடையை அழுத்திப் பார்த்தான்.

“எங்க தொழில்ல ஒரு வசதி உண்டு, மதினி. மாட்டை நாங்க கேக்கிறதில்ல. பாத்தாப் போதும்.”

“என்ன பாத்தே?”

“முதல் நாளே என்கிட்ட வந்திருந்தா சந்தையில வச்சே ரெண்டு விரலை எடுத்திருப்பேன். இப்ப இடுப்புவரைக்கும் வந்திருச்சு. மாகாண நகரத்துக்குப் போவோம். சீட்டு இல்லாட்டி என்ன, மிருகம் கொண்டாந்திருக்கேன்னு சொல்லிக் கதவைத் திறக்க வைக்கிறேன்.”

அவனும் புர்மாகானும் விரிப்போடு தூக்கினார்கள். பேகிமாய் ஒரு முனையைப் பிடித்தாள். அக்மாத் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். வாசலில் கிளாரா ஒஸ்மோனோவ்னா வழிமறித்தார். போகிறவரைத் தடுக்கிற வழக்கம் முழுநல இல்லத்தில் இல்லை, ஆனால் வெளியேறும் படிவம் உண்டு. லாரியின் பின்பலகையில் வைத்து அதைப் பூர்த்தி செய்தார்கள். ஆறு பங்குக்கும் தனித்தனி வரி. கால் மணி நேரம் ஆயிற்று. கடைசி வரியில் ‘உச்ச நலத்தில் வீடு திரும்பினார்’ என்று எழுதி, புர்மாகானைக் கையெழுத்துப் போடச் சொன்னார். அவள் போட்டாள். பேனா எழுதவில்லை. இன்னொரு பேனா கொண்டுவந்தார்கள்.

கணவாயில் பனி விழுந்திருந்தது. சக்கரத்துக்குச் சங்கிலி மாட்ட உசோன் இறங்கினான். பின்னால், வைக்கோல்மேல், ஜூமாகாதிர் கண்ணைத் திறந்தார். புர்மாகான் அவர் உதட்டில் தேநீரைத் தொட்டுவைத்தாள். அவர் அவளைப் பார்த்தார், சுற்றி வேறு யாரும் இல்லை என்பதையும் பார்த்துக்கொண்டார்.

“புர்மா, ரொம்ப வலிக்குது. முதல் நாள்லேர்ந்தே.”

“தெரியும்” என்றாள்.

எழுதிக்கொள்ள அங்கே யாரும் இல்லை. உசோன் இரண்டாவது சங்கிலியை மாட்டிவிட்டு ஏறியபோது அவசரத்துக்கு வேலை இல்லாமல் போயிருந்தது. லாரியைத் திருப்பினான்.

ரோட்டில் செத்தவர் ரோட்டுக் கணக்கு. நோயை ஒழித்த பிறகு தோருகெச்சில் ஒரு சாவும் இல்லை. அதற்காகத் தலைநகரத்திலிருந்து ஒரு சுழல்கோப்பை வந்தது.

நாற்பதாம் நாள் படையலுக்கு ஜூமாகாதிரின் வயதான பழுப்புக் குதிரையை அறுத்தார்கள். நாலு கிராமம் வந்தது. கிளாரா ஒஸ்மோனோவ்னாவும் வந்தார், பேகிமாயையும் கூட்டிக்கொண்டு, சுழல்கோப்பையின் புகைப்படத்தோடு. நலத் தூதரின் குடும்பத்துக்கு மரியாதை செய்யாமல் இருக்கக் கூடாதே. பெண்கள் அறையில் அவருக்கு மேலிடம் கொடுத்தார்கள். வந்த விருந்தாளிக்கு அதைக் கொடுக்காமல் இருக்க முடியாது.

விருந்தாளி நுழைந்தால் கைம்பெண் ஒப்பாரி வைக்க வேண்டும். ஒப்பாரியில் அவள் எதையும் சொல்லலாம், யாரையும் சொல்லலாம். குறுக்கே பேசக் கூடாது, எழுந்து போகக் கூடாது. ஊரை ஆள்கிற கானுக்கும் நீதிபதிக்கும் அதுதான் சட்டம். புர்மாகான் சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்து, இடுப்பில் கையை ஊன்றி, ஆரம்பித்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். சாவியைச் சொன்னாள், கோட்டைச் சொன்னாள், சிகரெட்டைச் சொன்னாள், வெல்வெட் அங்கியைச் சொன்னாள்.

“ரெண்டு விரல் கறுத்தப்போ நீ பத்தில் இருந்தே, என் ராசா,
கணுக்கால் கறுத்தப்போ நீ பத்தில் இருந்தே.
மலை உன்னைக் கேக்கலே, பனி உன்னைக் கேக்கலே,
கேட்டவங்க எழுதிக்கிட்டாங்க, எழுதினவங்க வந்திருக்காங்க.”

அறையில் ஒரு கிண்ணம் அசையவில்லை. பேகிமாய் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிளாரா ஒஸ்மோனோவ்னா அழுதார், நன்றாகவே அழுதார். முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்துப் பெண்ணிடம், துக்கத்தை இப்படி வெளியே விடுவது ரொம்ப ஆரோக்கியம், மனப் பங்கு இதில் நிறைகிறது என்றார்.

பிறகு கறி வந்தது. யாருக்கு எந்த எலும்பு என்பதில் அங்கே விளையாட்டில்லை. மூத்தவளுக்கு இடுப்பெலும்பு, அடுத்தவளுக்குத் தொடையெலும்பு, மருமகளுக்கு முதுகுத்துண்டு. மாறிக் கொடுத்தால் மூன்று தலைமுறைக்குப் பேச்சு. கறியைப் பங்கு வைத்தது உசோன். புர்மாகான் அவனிடம் காலையிலேயே ஒன்று சொல்லிவைத்திருந்தாள். எல்லாருக்கும் வைத்த பிறகு, மேலிடத்துக்கு ஒரு தட்டு தனியாக வந்தது. அதில் குதிரையின் இடது பின்னங்கால், குளம்போடு, நெருப்பில் கருக்கியது. நாய்க்குப் போடுகிற துண்டு. அதைத் தட்டில் வைத்து ஒரு மனுஷிக்கு யாரும் கொடுத்ததில்லை.

வாங்காமல் இருக்க முடியாது. செத்தவன் வீட்டுப் பங்கை மறுப்பது செத்தவனை மறுப்பது. நாற்பது பெண்கள் மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். புர்மாகானும் சுவரிலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

கிளாரா ஒஸ்மோனோவ்னா தட்டைப் பார்த்தார். புரிந்ததோ புரியவில்லையோ, முகத்தில் தெரியவில்லை. இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கிக்கொண்டார். பெரியவள் தனக்கு வந்த பங்கைச் சின்னவளுக்குக் கொடுப்பதும் அங்கே வழக்கம்தான், அது பாசம். அவர் பக்கத்தில் திரும்பினார்.

“இந்தா மகளே, நீ எடுத்துக்க. தினமும் அவரைப் போய்க் கேட்டவ நீதானே.”

பேகிமாய்க்குப் புரிந்தது. அவள் அந்த மலைப் பெண். இளையவள் மறுக்கக் கூடாது. கையை நீட்டினாள், இரண்டு கையும்.

புர்மாகான் வாயைத் திறந்தாள். அது உனக்கில்லை பெண்ணே என்று சொல்ல வந்தாள். ஆனால் ஒப்பாரி முடிந்துவிட்டிருந்தது, இனி அவள் வீட்டுக்காரி மட்டும்தான். கொடுத்த எலும்பைத் திருப்பிக் கேட்கிற வழக்கம் அந்த மலையில் எந்த வீட்டிலும் இல்லை.